மகாலட்சுமி வேடத்துக்கு எந்த நிறம் வேண்டும்?

குடியாத்தம்காரி எழுதியது:

எங்கள் தெருவில் நவராத்திரிக்குப் பிள்ளைகளுக்கு முப்பெரும் தேவியர் வேடம் போட்டுக் கொலுவின் பக்கத்தில் உட்கார வைப்பது வழக்கம். அக்கா மகளுக்குப் பதினொரு வயது. இந்த முறை மகாலட்சுமியாக உட்காரப் போகிறேன் என்று ஆவணி மாதமே பட்டுப்பாவாடை கேட்டு அடம் பிடித்தாள். பட்டியல் எழுதிய பெரியம்மா ஒருவர் அவள் கன்னத்தைத் தட்டி, "லட்சுமி என்றால் கொஞ்சம் நிறமாக, சதைப்பிடிப்பாக இருக்க வேண்டும் கண்ணு. நீ காளியாக இரு. உனக்கு மை கூடப் பூச வேண்டியதில்லை" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் வன்மம் எதுவும் கிடையாது. சொன்ன பெரியம்மா, சுண்டல் விநியோகத்தில் அவளுக்கு எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறவர்தான்.

அன்றிலிருந்து பெண் வெயிலில் இறங்குவதில்லை. பள்ளிக்குப் போகும்போது முழங்கை வரை பவுடர். பீர்க்கை நாரால் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் கன்றிப் போயிருக்கிறது. என் கேள்வி இவ்வளவுதான்: இந்த அளவுகோலைச் சாமிகள் நமக்குக் கொடுத்தார்களா, நாம் சாமிகளுக்குக் கொடுத்தோமா? எந்த மதத்தவரும் எழுதலாம். ஆறுதல் மட்டும் வேண்டாம். அது வீட்டிலேயே வேண்டிய அளவு கிடைக்கிறது.

மக்கன்பேடா (ஆற்காடு):

ஆண்கள் தரப்பில் ஒருவனாவது பேச வேண்டும் அல்லவா? என் எடை மூன்று இலக்கத்தில் ஓடுகிறது. மருத்துவர் சொன்னதால் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஆள் உயர அனுமன் படம். வயிற்றில் ஆறு கட்டம், கையில் நரம்பு புடைப்பு. எதிர்ச் சுவரில் சிவபெருமான், அவருக்கும் ஆறு கட்டம். பையன்கள் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இரும்பைத் தூக்குகிறார்கள். என்னைக் கண்டதும், "பிள்ளையார் வந்துவிட்டார்" என்று ஒரு குரல்.

பிள்ளையாரைக் கும்பிடாதவன் ஊரில் இல்லை. பிள்ளையார் போல் இருப்பவனுக்குப் பெண் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அவரே இன்னும் அரசமரத்தடியில்தானே உட்கார்ந்திருக்கிறார்!

மரபுக்காவல்:

எடுத்த எடுப்பிலேயே மதத்தின் மீது பழி போட வேண்டாம். எந்தப் பழைய கோயிலுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கருவறையில் இருக்கும் மூலவர் கருங்கல். எண்ணெய்க் காப்பு ஏற ஏற இன்னும் கருமை. அந்தக் கருமையின் முன்னால்தான் மன்னனிலிருந்து ஆண்டி வரை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திருமாலைக் கரியவன் என்று பாடியவர்கள் நம் ஆழ்வார்கள். வெள்ளைத் தோல் மோகம் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. மிச்சத்தைச் சினிமாவும் விளம்பரமும் பார்த்துக்கொண்டன. பெரியம்மா ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதை வைத்துச் சனாதனத்தையே கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

கோட்டை அகழி (வேலூர்):

மரபுக்காவல் ஐயா சொன்னதில் பாதி உண்மை. மூலவர் கறுப்பு என்பது சரிதான். ஆனால் வீட்டில் நாம் தினமும் பார்ப்பது மூலவரையா? பூஜை அறைச் சுவரில் தொங்கும் படத்தைத்தான். ராஜா ரவிவர்மா பம்பாயில் 1894இல் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணக் கல்லச்சில் அடித்து வீடு வீடாக அனுப்பினார். கோயிலுக்குள் விடப்படாத மனிதர்களின் வீட்டுக்குள்ளும் அந்தப் படங்களால் தெய்வம் நுழைந்தது; அது பெரிய காரியம், மறுக்க மாட்டேன். கூடவே அந்த முகமும் நுழைந்தது. ரோஜா நிறக் கன்னம், கூரான மூக்கு, மடிப்பு விழாத கழுத்து. பின்னால் கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர்களின் படங்கள் சிவகாசிக் காலண்டர் வழியாகக் கடை கடையாக வந்து சேர்ந்தன. மளிகைக்கடைக்காரர் தீபாவளிக்குக் கொடுத்த காலண்டர்தான் நம்மில் பலருக்கு முதல் அழகுப் பாடநூல். வள்ளிமலைக்குப் போனால் மலையடிவாரக் கடைகளில் வள்ளி படம் வாங்கிப் பாருங்கள். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று நாளெல்லாம் கிளி விரட்டிய வேடர் மகள், ஒரு பொழுதும் வெயில் படாதவளாகப் பளபளக்கிறாள்.

சிற்பத்துக்கும் கண்டிப்பான அளவு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாளம், அதாவது 12 அங்குலம் (இது இஞ்ச் அல்ல, சிலையின் அளவுக்கேற்ப மாறும் சிற்பக் கணக்கு). மொத்த உயரம் பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாளம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தச தாளம், 120. பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம், வெறும் 60. பூதகணங்களுக்கு இன்னும் குறைவு. அதாவது ஸ்தபதியிடம் ஒரே அளவுகோல் இல்லை. ஒவ்வோர் உருவத்துக்கும் அதனதன் கணக்கு. பிள்ளையாரை இழுத்து 124 ஆக்கினால் அவர் அழகாகிவிட மாட்டார், தப்பான சிலை என்று ஒதுக்கப்படுவார். மக்கன்பேடா, உங்களுக்காக இன்னொன்று. பழைய செப்புத் திருமேனிகளில் எந்தச் சிவனுக்கும் வயிற்றில் கட்டம் கிடையாது. மூச்சை நிறைத்து நிறுத்திய வயிறு, வழவழவென்று இருக்கும். கட்டம் கட்டமான சிவன் கணினியில் வரைந்த புதுப் பிள்ளை.

ஆனால் இதைச் சொல்லி மரபை முழுக்க விடுவிக்கவும் முடியவில்லை. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் அரைநாள் உட்கார்ந்திருங்கள். யாளிக்கு ஆயிரம் முகம். பெண்ணுருவங்களுக்கோ பெரும்பாலும் ஒரே இடை.

மரபுக்காவல்:

சிற்பம் தெய்வ லட்சணம். அதை மனிதர் மேல் ஏற்றச் சொன்னது யார்?

கோட்டை அகழி:

யாரும் சொல்லவில்லை. ஏற்றிவிட்டோம். பெண் பார்க்கப் போய்வந்து "மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள்" என்கிறோமே, அது எந்தக் குணத்தைப் பார்த்து? பத்து நிமிடத்தில், ஒரு தட்டு பஜ்ஜிக்குள்?

லட்சுமியின் அக்காவையும் பார்த்துவிடுங்கள். மூதேவி என்று திட்டுகிறோமே, சேட்டை என்றும் அழைக்கப்பட்ட அவளுக்குப் பல்லவர் காலத்தில் வழிபாடு இருந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவள் சிற்பம் இன்றும் உண்டு. இரண்டு காலையும் தொங்கவிட்டு, பருத்த வயிறும் சரிந்த மார்புமாகச் சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். ஒரு பக்கம் மாட்டுமுக மகன், மறுபக்கம் மகள், மேலே காக்கைக் கொடி. பிள்ளை பெற்று, உண்டு, உட்கார்ந்து பழகிய உடம்பு. தொண்டரடிப்பொடி ஆழ்வார் அவளைக் கும்பிடுகிறவர்களைப் பார்த்துச் "சேட்டையிடம் போய்ச் செல்வத்தை எதிர்பார்க்கிறீர்களே" என்று கடிந்து பாடுகிறார். கடிந்துகொள்ளும் அளவுக்குக் கூட்டம் இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? பிறகு அவளைப் பல கோயில்களில் வெளியே எடுத்துப் போட்டார்கள். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிடக்கிறாள். மரபுக்காவல் ஐயா, இந்த வேலையை வெள்ளைக்காரன் செய்யவில்லை.

பிறைநிலா (வாணியம்பாடி):

எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். உருவ வழிபாடு இல்லை, சுவரில் படம் இல்லை, சிலை இல்லை. அப்படியானால் இந்தத் தொல்லையும் இருக்கக் கூடாது அல்லவா? "அல்லாஹ் உங்கள் உருவங்களையும் செல்வங்களையும் பார்ப்பதில்லை, உங்கள் உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான்" என்பது இமாம் முஸ்லிம் தொகுத்த ஹதீஸ் நூலில் உள்ள நபிமொழி. மதரஸாவில் மனப்பாடம் செய்திருக்கிறோம். தொழுகைக்கு முதலில் அழைப்புக் கொடுத்தவர் பிலால், கறுப்பின அடிமையாக இருந்தவர். மகனுக்கு பிலால் என்று ஆசையாகப் பெயர் வைப்போம். பிலால் நிறத்தில் மருமகள் மட்டும் ஆகாது.

புர்கா போட்டால் யாரும் உடம்பை எடைபோட மாட்டார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஓரளவுக்கு உண்மை, பஸ்ஸில் எனக்கு அது நிம்மதிதான். பெண்கள் மட்டும் கூடும் இடத்துக்கு வாருங்கள். மாப்பிள்ளையின் அம்மா சர்பத் தம்ளரை நீட்டுவார். வாங்கும்போது அவர் கண் என் முகத்தில் இருக்காது. விரல் கணுவில் இருக்கும். முகத்துக்கு க்ரீம் பூசலாம், கணுவை ஏமாற்ற முடியாது என்பது எங்கள் மாமிகளின் ஞானம். புருவம் திருத்துவதை ஹதீஸ் தடுக்கிறது என்று ஊர் முழுக்கத் தெரியும். நிக்காஹுக்கு முந்தின வாரம் அழகு நிலையத்தில் இடம் கிடைக்காது. தடை வீட்டுப் பெண்ணுக்கு, எதிர்பார்ப்பு வருகிற பெண்ணுக்கு.

இதை மார்க்கத்தின் குறை என்று நான் சொல்லவில்லை. மார்க்கம் தெளிவாகச் சொன்ன பிறகும் அதைத் தாண்டிப் போகும் வலு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பனங்காட்டு நரி (திருப்பத்தூர்):

உங்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு கேள்வி. கறுப்பான பெண் கறுப்பாக நடமாடுவதற்குக் கறுப்பான தெய்வம் ஒன்று எதற்கு? மூலவர் கறுப்பு, வள்ளி கறுப்பு, பிலால் கறுப்பு என்று அனுமதிச் சீட்டுத் தேடிக்கொண்டே இருக்கிறீர்கள். நாளை ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்து எல்லாத் தெய்வமும் பால் வெள்ளை என்று நிரூபித்துவிட்டால் அந்தக் குழந்தை பவுடர் போட்டுக்கொள்ள வேண்டியதுதானா?

வேடம் போடுவதை நிறுத்துங்கள். மூன்று பிள்ளைகளை அம்மனாக்கி மற்ற முப்பது பேரை எண்ணெய்ச் சட்டி பக்கம் நிறுத்துவதே வன்முறை.

காட்பாடி சந்திப்பு:

நரி அவர்களுக்கு: அனுமதிச் சீட்டு சில நேரம் தேவைப்படுகிறது ஐயா. டைபாய்டு வந்து எழுந்தபோது எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அலுவலகத்தில் துப்பட்டாவால் மூடிக்கொண்டு போனேன், விசாரணை தாங்கவில்லை. திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் அதே ஆட்கள் லட்டு கேட்டு நின்றார்கள். நோயாளியாகப் பார்த்தவர்கள் வேண்டுதல்காரியாகப் பார்த்தார்கள். அங்கே மொட்டையடிக்கும் மண்டபமான கல்யாணகட்டாவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இடுப்பு வரை முடி. பிளேடு போனதும் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "காற்று நன்றாக வருகிறது" என்று சிரித்தார். அந்த மண்டபத்துக்கு வெளியே ஒரு பெண் மொட்டைத் தலையோடு சிரிக்கும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பக்தியைப் பெரிதுபடுத்தவில்லை. எனக்கு அது பயன்பட்டது, அவ்வளவுதான்.

வெள்ளைச் சேலை (சத்துவாச்சாரி):

நான் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவள். நகை இல்லை, பூ இல்லை, பொட்டு இல்லை. பத்தாம் வகுப்பில் காதுத் துளை தூர்ந்த ஒரே பெண் நான்தான். பள்ளியில் கேலி செய்தார்கள். ஆனால் வீட்டில் கண்ணாடி முன்னால் யாரும் என்னை நிறுத்தியதில்லை. பவுன் கணக்கு இல்லாமல் திருமணம் முடிந்தது. என் வயதுப் பெண்கள் கழுத்தில் போட இல்லை என்று குமைந்த இடத்தில் எனக்கு வலிக்கவில்லை. பெரிய விடுதலைதான் அது.

இப்போது மறுபக்கம். நகையைக் கழற்றியதும் பார்ப்பதற்கு மிச்சம் இருப்பது தோல்தான். சபையில் எல்லோரும் வெள்ளைச் சேலையில் வரிசையாக நிற்கும்போது நிறம் இன்னும் பளிச்சென்று தெரியும். "அலங்காரமே இல்லாமல் தேவ தூதன் மாதிரி இருக்கிறாள்" என்று யாரைச் சொல்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? என்னை ஒருநாளும் சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாளும் தூதனும் எப்போதும் ஒரே இரண்டு வீட்டுப் பிள்ளைகள். எனக்கு மேய்ப்பன் வேடம். கம்பளி குத்தும்.

ஏசாயா 53ஆம் அதிகாரத்தில், "அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை" என்று எழுதியிருக்கிறது. அது இயேசுவைக் குறிப்பது என்று ஒவ்வொரு புனித வெள்ளிக்கும் பிரசங்கம் கேட்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் எதிரே பொன்னிற முடி, நீலக்கண் படம் தொங்குகிறது. ஒருவரும் எழுந்து போய் அதைக் கழற்றியதில்லை.

மக்கன்பேடா:

அக்கா, கம்பளி குத்தும் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். நான் மூன்று வருடம் ஒட்டகத்தின் பின்பாதி.

கவுண்டன்ய ஆறு (குடியாத்தம்):

பதிவைத் தொடங்கியவர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் எழுதுகிறேன். நம் ஊரிலேயே பதில் வருடத்துக்கு ஒருமுறை தெருவில் போகிறது, கவனித்தீர்களா சகோதரி?

வைகாசி முதல் நாள் சிரசுத் திருவிழா. தெரியாதவர்களுக்காக: தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கெங்கையம்மனின் தலை மட்டும் ஊர்வலமாகப் புறப்படும். மலை மலையாக மாலை, வழியெங்கும் தேங்காய் உடைபடும் சத்தம். ஆந்திரம், கர்நாடகத்திலிருந்தும் சனம் வரும். கோபாலபுரம் கோயிலில் அந்தத் தலையை ஓர் உடலில் பொருத்துவார்கள். அது சண்டாளச்சியின் உடல். கதை ரேணுகையின் கதை. தண்ணீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலைப் பார்த்து ஒரு கணம் மனம் அசைந்தாள் என்று கணவர் ஜமதக்னி தலையை வெட்டச் சொன்னார், மகன் பரசுராமன் வெட்டினான். அவளுக்கு அடைக்கலம் கொடுத்த தாழ்த்தப்பட்ட பெண்ணும் வெட்டுப்பட்டாள். உயிர் கொடுக்கும்போது தலையும் உடலும் மாறிப் பொருந்திவிட்டன. படவேடு ரேணுகாம்பாள் கோயிலிலும் அம்மன் தலையாகத்தான் இருக்கிறாள்.

சிறு வயதில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்தது இரண்டு பெரிய கண்கள்தான். விரிந்த, இமைக்காத கண். அழகான முகமா என்று ஒருவரும் கேட்டதில்லை. பயமும் பாசமும் சேர்ந்து தொண்டையை அடைக்கும். அந்த முகத்தைக் காலண்டர் லட்சுமியின் பக்கத்தில் வைத்தால் அழகுப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். ஊரே அதன் காலில்தான் விழுகிறது. காலா? கால் இன்னொருத்தியுடையது. தலைக்கு மாலை போடுகிறோம். உடம்பு எந்தத் தெருப் பெண்ணுடையது என்று கதையே சொல்கிறது. நாம்தான் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பெரியம்மா சொன்ன "நிறமாக" என்பதில் எனக்குக் கேட்பது இதுதான். கறுப்பு என்று சொன்னால் நிறம். அதற்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. பெண் பார்க்கும் வீட்டில் "களையாக இருக்கிறாள், நம்மவர்கள் மாதிரியே" என்பார்கள். அதில் அந்த "நம்மவர்கள்" யார்? ரவிவர்மாவையும் சிவகாசியையும் மட்டும் திட்டிவிட்டுப் போனால் இது தப்பித்துக்கொள்ளும்.

நெறியாளர்: மேலுள்ள பதிவுக்கு வந்த இரண்டு மறுமொழிகள் நீக்கப்பட்டன. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு இங்கே இடமில்லை. கருத்தில் உடன்பாடு இல்லையென்றால் கருத்தை எழுதுங்கள்.

அரக்கோணம் பாசஞ்சர்:

காரைக்கால் அம்மையாரை இன்னும் யாரும் இழுக்கவில்லையே என்று பார்த்தேன். எங்களுக்குச் சில ஸ்டேஷன் தள்ளித்தான் திருவாலங்காடு. கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு, அவனுக்காகச் சுமந்த இந்தத் தசையின் அழகு இனி எதற்கு என்று இறைவனிடம் கேட்டு, அதை உதறிவிட்டுப் பேய் வடிவம் பெற்றவர். எலும்பு தெரியும் உடம்பு, வற்றிய மார்பு, குழிந்த வயிறு. அந்த உடம்போடு கயிலைக்குத் தலையால் நடந்து போனவரை இறைவன் "அம்மையே" என்று அழைத்தார். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் எல்லாம் நிற்க, அவர் ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பார். கோயிலுக்குப் போகும்போது தேடிப் பாருங்கள், விலா எலும்பை எண்ணலாம். அழகை வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்கு நம் சமயம் கொடுத்த இடம் இது.

பிறைநிலா:

அழகான கதை அக்கா. ஒரு சந்தேகம், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரிசையில் இருக்கும் ஆண் அடியார்களில் யாராவது பக்தி செய்வதற்காக அழகைக் கழற்றி வைக்க வேண்டியிருந்ததா?

கோட்டை அகழி:

இல்லை. சுந்தரர் மணக்கோலத்தில் இருக்கும்போதுதான் இறைவனே வந்து வழக்காடினார். அவர் கடைசி வரை அழகராகவே, அலங்காரத்தோடு இருந்தார்.

வெள்ளைச் சேலை:

அதோடு இன்னொன்று. உதறுவதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். ஊரே மெச்சிய அழகி அதை வேண்டாம் என்றால் துறவு. எங்களைப் போன்றவர்கள் வேண்டாம் என்றால் "சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்" என்பார்கள்.

அரக்கோணம் பாசஞ்சர்:

சரியான இடத்தில்தான் கை வைத்தீர்கள் இருவரும். ஆனாலும் அம்மையாரை விட்டுக்கொடுக்க மாட்டேன். பேயுருவம் எடுத்த பிறகு அவர் மூலையில் ஒடுங்கவில்லை. ஆலங்காட்டில் உட்கார்ந்து பாடினார். தன் உடம்பைப் போன்ற ஒரு பெண்பேயின் உடம்பை உறுப்பு உறுப்பாக வருணித்துத்தான் பதிகத்தையே தொடங்குகிறார். கொடியிடை, பிறைநுதல் என்று எழுதிக் குவித்த மொழியில் ஒரு பெண் தன் வற்றிய உடம்பை இலக்கணமாக வைத்துப் பாடியிருக்கிறார். எனக்கு அது போதும்.

கரிகிரிப் பாட்டை:

பணி ஓய்வு பெற்ற இயன்முறை சிகிச்சையாளன் நான். புராணம் அதிகம் தெரியாது. கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

தொழுநோய்க்கு மருந்து வந்து, கிருமி செத்து, நோய் குணமான பிறகும் ஊர் சேர்க்காது. ஏனென்றால் முகத்தில் அடையாளம் நின்றுவிடும். மூக்குத் தண்டு அமுங்கியிருக்கும், புருவ முடி உதிர்ந்திருக்கும். முன்வினை, சாபம், தெய்வக் குற்றம் என்று எல்லா மதத்துக்காரர்களும் அந்தப் புருவமில்லாத முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், மடங்கிப்போன கை விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்திப் பெயர் பெற்றவர். வேலூர் அருகே கரிகிரித் தொழுநோய் மருத்துவ நிலையம் 1955இல் வந்தது. கை வேலை செய்தால் ஆள் பிழைத்துக்கொள்வான் என்று முதலில் நினைத்தார்கள். கை சரியாகியும் வேலை கிடைக்காமல் திரும்பி வந்தார்கள். பிறகுதான் மூக்கை நிமிர்த்துவதும், தலைத் தோலில் ஒரு துண்டை ரத்தக் குழாயோடு நகர்த்திப் புருவமாக வைப்பதும் நடந்தன. தலை முடி அல்லவா, புருவமாக வைத்தாலும் வளர்ந்துகொண்டே இருக்கும், கத்தரித்துவிட வேண்டும். கத்தரிக்க மறுத்தவர்கள் உண்டு. கண்ணை மறைக்கும் அளவுக்கு வளர்த்துக்கொண்டு பெருமையாகத் திரிந்தவர்கள்.

ஆகவே தோற்றம் முக்கியமில்லை, உள்ளம்தான் முக்கியம் என்று யாராவது அந்தப் பெண்ணிடம் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். தோற்றத்தை வைத்து ஊர் சோறு போடுகிறது, சோற்றை நிறுத்துகிறது. அது பிள்ளைக்குத் தெரியும்.

பனங்காட்டு நரி:

ஐயாவுக்கு வணக்கம். இந்த இழையில் நான் முழுக்க ஒத்துக்கொள்ளும் முதல் பதிவு.

மரபுக்காவல்:

எனக்கும் மறுப்பில்லை. நரியும் நானும் ஒத்துப்போவதைச் சான்றாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி நடக்காது. மூதேவி சிற்பம் பற்றி அகழி சொன்னதற்கு மட்டும் பதில் பாக்கி இருக்கிறது; தனி இழை தொடங்குகிறேன்.

குடியாத்தம்காரி:

எல்லோருக்கும் நன்றி. கவுண்டன்ய ஆறு அண்ணா எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். நடுவில் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி படிக்கச் சொன்னாள். பெரியம்மாவிடம் நேராகப் பேசிவிட்டேன். "நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்றார். பிறகு, "எனக்கும் என் மாமியார் இதையேதான் சொன்னார்" என்றார். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. வேடங்களைச் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று இரண்டு வீட்டார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் யோசிக்கிறார்கள்.

நேற்று வேறொரு சிக்கல். பிள்ளையின் புத்தகப் பையில் ஒரு சின்ன க்ரீம் டப்பா கிடைத்தது. மேலே ஒரு வெள்ளைக்காரப் பெண் படம், எங்கே தயாரித்தது என்ற விவரம் எதுவும் இல்லை. தோழியின் அக்கா பூசுவதாம், ஒரு வாரத்தில் நிறம் கொடுக்குமாம். பூசத் தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்ல மறுக்கிறாள். முகம் உண்மையாகவே கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். மருத்துவம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளை அங்கி (தோல் பிரிவுச் செவிலியர், வேலூர்):

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

விவரம் அச்சிடாத, வேகமாக வெளுக்கும் க்ரீம்களில் இரண்டு பொருள்களைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று ஸ்டீராய்டு. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். போகப் போகத் தோல் மெலிந்து சிவந்த நரம்பு தெரியும், பரு கொட்டும், மீசை தாடியிடத்தில் முடி வரும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகப் பொங்கும், அதனாலேயே விடமுடியாமல் பூசுவார்கள். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு ஆணை போட்டிருக்கிறது. கடைகளில் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று பாதரசம். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தொடும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்தபோது பலர் இப்படிப்பட்ட க்ரீம் பூசியிருந்தது மருத்துவர்களுக்குத் தெரியவந்தது. காலையில் எழுந்ததும் கண் இமையும் பாதமும் வீங்கியிருக்கிறதா, சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் க்ரீம் என்றால் இந்த ஆபத்து குறைவு. அதன் விளம்பரம் சொன்ன சேதி வேறு வகை ஆபத்து. ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது, எங்கள் பிரிவுக்கு வரும் பிள்ளைகள் கேட்பது மாறவில்லை.

மக்கன்பேடா அண்ணா, முன்பு ஒரு பதிவில் உங்கள் பின்கழுத்துக் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகவில்லை என்று வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள். கனத்த உடம்புக்காரர்களுக்கு அது அழுக்காக இருக்காது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

குடியாத்தம் அக்கா, பிள்ளையைத் திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த டப்பாவை இன்னும் நன்றாக ஒளித்து வைப்பாள். சாப்பாட்டையும் கவனியுங்கள். தட்டில் சோறு மீதமாவது, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறேன் என்பது, பிடித்த கூட்டத்துக்கு வர மறுப்பது, நாளெல்லாம் கண்ணாடி அல்லது கண்ணாடிப் பக்கமே போகாமல் இருப்பது, இவை தொடர்ந்தால் மனநலப் பிரிவிலும் ஒருமுறை காட்டுங்கள். கழுத்துப் புண்ணுக்கு இப்போதைக்குத் தேங்காய் எண்ணெய் போதும், நாரை ஒளித்து வையுங்கள். க்ரீமை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முகம் பொங்கினால் பயப்படாமல் அழைத்து வாருங்கள், மருத்துவர் படிப்படியாகச் சரி செய்வார். டப்பாவைக் கோபத்தில் வெளியே எறிந்துவிடாதீர்கள். ஒரு பாலிதீன் பையில் கட்டிக் கையோடு கொண்டு வாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அது தேவைப்படும்.